மோப்ப நாய்க்குட்டி வாங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கொள்முதல் குழுவினருக்கு,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லாப்ரடார் நாய் வளர்க்கும் குடும்பத்திலிருந்து வணக்கம். போன வாரம் நீங்கள் வேண்டாம் என்று விட்டுப்போன கறுப்புக் குட்டியைப் பற்றித்தான் இந்த மடல். ‘சத்தத்துக்கு அஞ்சுகிறது, வேலைக்கு உதவாது’ என்று கோப்பில் எழுதிவிட்டீர்கள். ஏன் அஞ்சுகிறது என்பதையும் எழுதியிருக்கலாம்.

அந்த ஈத்தில் நீங்களே பார்த்துப் பொறுக்கிய குட்டி அது. புல்லுக்குள் பந்தை ஒளித்து வைத்தால் மற்றவை கொஞ்சம் தேடிவிட்டுத் தாயிடம் ஓடிவிடும். இது மட்டும் கிடைக்கும்வரை மூக்கைத் தரையிலிருந்து எடுக்காது. வெடிமருந்தோ கஞ்சாவோ, அந்த வாசனையைக் காட்டிக்கொடுத்தால் பந்து கிடைக்கும் என்பதுதானே நாய்க்குக் கணக்கு? அந்த விடாப்பிடி ரத்தத்தில் வர வேண்டும். அதற்காகத்தான் தாய், தகப்பன் இரண்டின் குணமும் பார்த்து இணை சேர்க்கிறோம்.

தைரியம் அப்படியில்லை, பாதி வளர்ப்பில்தான் வரும். 3-வது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான் குட்டி புதியதைப் பயமில்லாமல் ஏற்கும். லாரி ஹாரன், இரும்புப் படி, வழுக்கும் தரை, கூட்டம் எல்லாம் அதற்குள் பழகிவிட வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 விதிகள் சொல்கின்றன. சரி. 8 வாரம் முடிந்ததும் எடுத்துப்போக வந்திருந்தால்கூட உங்களுக்கு நாலைந்து வாரம் மிஞ்சியிருக்கும். நீங்கள் எடுக்க வந்தது ஐந்தாம் மாதம்.

அதுவரை கூண்டை விட்டு எடுக்கக் கூடாது, வெளியாள் தொடக் கூடாது, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்துவிடும் என்று உங்கள் நிபந்தனை. பார்வோ எங்களுக்கும் தெரியும். சில நாளில் ஒரு ஈத்தையே காலி செய்துவிடும். அதனால்தான் தடுப்பூசி போட்டு, தெருநாய் திரியும் மண்ணில் கால் படாமல், ஜீப்பில் மடியில் வைத்துப் பொள்ளாச்சிச் சந்தைவரை கூட்டிப்போய் வருகிறோம் என்று கேட்டோம். கூடாது என்றீர்கள். கடைசியில் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்திச் சோதித்தீர்கள். முதல் ஹாரனுக்கே மூத்திரம் போய், என் மகளின் காலுக்கிடையில் ஒடுங்கிக்கொண்டது. உங்களில் இருவர் சிரித்தார்கள்.

கேட்பது ஒன்றுதான். 8 வாரம் முடிந்ததும் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால், வெளியே கொண்டுபோய்ப் பழக்க எங்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். கோப்பு எத்தனை மேசையில் வேண்டுமானாலும் தூங்கலாம், அதற்கு வயதாகாது. குட்டிக்கு ஆகிறது.

இன்னொன்று. உங்கள் நிபந்தனைத் தாள் மலையாளத்தில் மட்டும் வருகிறது. எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழர் இருப்பது உங்களுக்குப் புதுச் செய்தியா? கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி நாங்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுதினோம், பதில்தான் வரவில்லை. அடுத்த முறை காணாமல் போன மனுக்களைத் தேடவும் ஒரு நாய் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், விலையில் குறைத்துத் தருகிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் குட்டி எங்களிடமே வளரட்டும், அதற்கு நஷ்டஈடு கேட்கவில்லை. அதன் தாய் மறுபடி சினையாகும்போது, 63 நாள் கணக்குப் போட்டு ஈனும் தேதியை முன்கூட்டியே அனுப்புகிறேன். தயவுசெய்து அதற்கு முன்பே கையெழுத்தெல்லாம் முடித்து, 8-வது வாரம் முடிந்ததும் வண்டியை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நாய் வளர்ப்பவர்