செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருடம் நாம் எடுத்துக்கொண்ட ஒரே வேலை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது, சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல் போயிருக்கிறது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்க இருபது வயதுக்குள் தாயாகும் பெண்களைப் பற்றியது.

இதெல்லாம் நம் சங்கத்துக்கு எதற்கு என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்கை எடுத்துச் சொன்னோம்: குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 முதல் 19 வயதுப் பெண்களிடையே வருடத்துக்குச் சுமார் 2 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள், அதில் ஏறக்குறைய பாதி யாரும் திட்டமிடாதவை. அப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

வேறொரு கேள்வி மட்டும் எல்லாக் கூட்டத்திலும் வந்தது. அந்தக் காலத்தில் பதினைந்து பதினாறில் பெற்றவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்? பிழைத்தவர்கள்தானே பாட்டியாகி நம்மிடம் கதை சொன்னார்கள், பிரசவத்திலேயே போனவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள் என்று நம் கூட்டத்துக்கு வந்த மகப்பேறு மருத்துவர் திருப்பிக் கேட்டார், அரங்கில் சத்தமே இல்லை. அவர் விளக்கியது இதுதான்: அந்த வயதில் பெண்ணே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாள், உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு விரிந்துகொண்டுதான் இருக்கும், அது முழுதாக வளராதபோது குழந்தையின் தலை வழியிலேயே சிக்கிக்கொள்ளலாம். நேரத்துக்கு அறுவை சிகிச்சை கிடைக்காமல் வலி நாள்கணக்கில் நீண்டால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே ஓட்டை விழுந்து, பிறகு சிறுநீர் ஓயாமல் கசியும். இதற்காகவே மே 23-ஐ ஐ.நா. தனி நாளாக வைத்திருக்கிறது, நாமும் அன்று ஒரு கூட்டம் வைத்தோம்.

ரத்தசோகை இந்த வயதில் சர்வசாதாரணம். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகக் கூடாது. ஏற்கெனவே குறைவாக இருப்பவளுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்து. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமித் தொற்று வருவதும் இருபதைத் தாண்டியவர்களைவிட இவர்களுக்கு அதிகம். காலில் வீக்கம் பலருக்கும் வரும். முகம் வீங்கி, கடுமையான தலைவலியோடு கண் மங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைக்கும் சிக்கல்தான். 37 வாரத்துக்கு முன் பிறப்பதும், 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பதும் இவர்களிடம் அதிகம். அப்படிப் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறும், உடல் சூடு நிற்காது, சர்க்கரை இறங்கிவிடும், தொற்று சுலபமாகப் பிடிக்கும். தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பதும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்குவதும் நிறையக் குழந்தைகளைக் காப்பாற்றுகின்றன என்றதைப் பலர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

சரி, எல்லாம் வயதால் மட்டும் வருவதா? இல்லை. பதினைந்துக்குக் கீழே ஆபத்து மிக அதிகம், ஆனால் 18, 19 வயதில் நல்ல சாப்பாடும் ஒழுங்கான பரிசோதனையும் கிடைத்தால் நிலைமை வெகுவாக மாறுகிறது. என்னைக் கேட்டால் இங்கே பெரிய வில்லன் வெட்கம்தான். முதல் 12 வாரத்துக்குள் நடக்க வேண்டிய முதல் பரிசோதனை, வீட்டில் சொல்லப் பயந்து வயிறு தெரிகிறவரை தள்ளிப்போகிறது. மொத்தம் எட்டு முறையாவது பார்க்கச் சொல்கிறார்கள், இவர்களோ பாதிக் கர்ப்பம் கடந்த பிறகு வருகிறார்கள். திட்டுவார்கள் என்று தெரிந்தால் எந்தப் பெண் சீக்கிரம் வாயைத் திறப்பாள்? பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வும் இவர்களுக்கு அதிகம், அதையும் திமிர் என்றே பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒரு குறையும் உண்டு. ஆண்களுக்கென்று வைத்த கூட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் ஆள் வந்தார்கள், நம் நிர்வாகிகளே பாதிப் பேர் வரவில்லை. அடுத்த வருடம் அதைத்தான் முதலில் வைக்கப் போகிறோம், ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடுவதைப் பற்றியும் அதில் பேசுவோம். வீட்டுக்கு வீடு போய் அழைக்க ஆட்கள் தேவை, விருப்பமுள்ளவர்கள் கிளம்பும் முன் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

நன்றி.
செயலாளர்