சனிக்கிழமைப் பேச்சு: பேஸ்பால் கேமராக்காரர்கள்

நண்பர்களே, வணக்கம். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நம் கேமராக் குழுவின் குரல் அரட்டை. இந்த முறை, அமெரிக்க பேஸ்பால் நேரலையில் கேமரா இயக்குபவர்களின் வேலை.

பந்து வீசுபவரின் முதுகும் அவருக்கு எதிரே மட்டையாளரும் தெரியும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேமரா நிற்பது மைதானத்தின் கடைசி வேலிக்கும் பின்னால். பெரும்பாலும் நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கித்தான் வைப்பார்கள். நேர் பின்னால் வைத்தால் வீசுபவரே மட்டையாளரை மறைத்துவிடுவார்.

அப்புறம், எனக்குப் பிடித்த எலிக் கதை. 1975 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்), 6-ஆவது ஆட்டம், பாஸ்டன் ஃபென்வே பார்க். ஒரு கேமராக்காரர் இடப்பக்கச் சுவரின் ஸ்கோர்போர்டுக்குள் உட்கார்ந்திருந்தார். 12-ஆவது இன்னிங்ஸில் பாஸ்டன் வீரர் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்தை அவர் பின்தொடர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் எலி! அதனால் கேமராவைத் திருப்பாமல் ஃபிஸ்க் மேலேயே வைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போய் அடி செல்லாமல் ஆகிவிடக் கூடாதென்று ஃபிஸ்க் இரு கைகளையும் ஆட்டி ஆட்டித் துள்ளும் காட்சி அப்படித்தான் கிடைத்தது. அந்த வீடியோத் துண்டைத் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஹெட்போன் கட்டாயம். போன முறை எதிரொலி தாங்க முடியவில்லை.