செயலாளரின் ஆண்டறிக்கை: தலைவர் இல்லாத முதல் பொதுக்கூட்டம்

சபைக்கு வணக்கம்.

எங்கள் சந்தை வியாபாரிகள் சங்கத்தின் நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. சந்தை வாய்க்காலைத் துப்புரவு செய்தோம், பிள்ளைகளுக்குக் கொப்பிகள் கொடுத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரத்தை, தை மாதம் எங்களை விட்டுப் போன தலைவர் முதலாளி ஐயாவுக்காக எடுத்துக்கொள்கிறேன். சபை பொறுத்தருள வேண்டும்.

சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலம் தாண்டி வந்தபோது, கடை விறாந்தையைத் திறந்துவிட்டார். மின்சாரம் இல்லாத காலம். இரண்டு ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அரிசி மூட்டைகளை ஒதுக்கி, கைக்குழந்தைக்காரரை உள்ளே படுக்க வைத்தார். ஐந்து வருடம் போகவில்லை, 2000ஆம் ஆண்டுச் சண்டையில் எங்கள் ஊரே தரைமட்டமானது. அவரும் பருத்தித்துறையில் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்க வேண்டி வந்தது.

2002இல் திரும்பி வந்தோம். அவர் கடைக்குக் கூரை இல்லை, இரண்டு சுவர்தான் நின்றது. மிதிவெடிப் பயத்தில் காணிக்குள் கால் வைக்க முடியவில்லை. றோட்டோரம் தறப்பாள் கட்டி வியாபாரத்தைத் தொடங்கினார். கடன் கொப்பியை நான் கண்டது அங்கேதான். பொலித்தீன் பையில் சுற்றி, போன இடமெல்லாம் கொண்டு திரிந்திருக்கிறார். பழைய கடனை அறவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். விரித்துப் பார்த்தால் தொகையெல்லாம் சிவப்புப் பேனாவால் வெட்டிக் கிடந்தது. பெயர்களில் கை வைக்கவில்லை. ஊர் திரும்பியவருக்கு ஒரு சரி, வெளிநாடு போனவருக்கு ஒரு வட்டம். ஒன்றும் போடாத பெயர்களைப் பற்றி, வருகிற போகிற எல்லாரிடமும் விசாரிப்பார்.

"சனம் வந்தால்தான் தம்பி சந்தை."

திரும்பி வந்தவருக்கு முதல் சரக்கு கடனுக்குத்தான். பலாப்பழம் விற்கும் அம்மா அப்படித்தான் தொடங்கினார். நானும் அப்படித்தான்.

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு வரும் ஏ9 பாதை மூடப்பட்டபோது, சீனியைப் பதுக்க வேண்டாமென்று கடை கடையாக ஏறி இறங்கினார். தன் கடையில் ஆளுக்குக் கால் கிலோ என்று தானே நிறுத்துக் கொடுத்தார்.

சந்தையில் பெண் வியாபாரிகளுக்கு மலசலகூடம் வேண்டுமென்பது அவர் கடைசியாகக் கையெழுத்திட்ட மனு. அத்திவாரம் போட்டாயிற்று. மிச்ச வேலைக்கு அங்கத்தவர்களின் உதவியை வேண்டி நிற்கிறோம்.

கொப்பியை அவர் மகள் சங்கத்திடம் தந்திருக்கிறார். அடையாளம் இல்லாத பெயர்கள் அதில் இன்னும் 23 இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாசிப்பேன். யாரைப் பற்றியாவது தெரிந்தவர்கள் தயவுசெய்து இருந்து சொல்லிவிட்டுப் போங்கள்.