படிப்பு என்ற ஒரு சொல்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

கண் ஒபரேஷன் சுகமாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், ஆறுதல். இங்கே எல்லாரும் சுகம். பஸ் நிலையத்து மான்களும் சுகம். போன கிழமை ஒன்று என் மரக்கறிப் பைக்குள் தலையை விட்டு முளைக்கீரையைத் தின்றுவிட்டது.

நொத்தாரிசுக் கந்தோரை விட்டு ஓய்ந்தாலும் பழைய கடதாசிகள் என்னை விடுவதாயில்லை. பத்து வருடத்துக்கு முன் பிரிந்த ஒரு சோடி. பேர் வேண்டாம், உனக்கும் தெரிந்தவர்கள்தான். அவர்களுடைய சொத்து உடன்படிக்கையை டைப் அடித்தவன் நான். உப்புவெளியில் 16 பேர்ச்சஸ் காணி, அதில் ஒரு வீடு, உறுதி புருஷன் பேரில். "பிள்ளையின் படிப்பு முடியும் வரை மனைவி இவ்வீட்டில் வசிக்கலாம்" என்று ஒரு வரி. அப்போது பிள்ளைக்கு ஒன்பது வயது. இப்போது ஏ.எல். என்ற உயர்தரம் முடித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். படிப்பு முடிந்தது, வீட்டை விடு என்கிறான் அவன். கம்பஸில் படிப்பது படிப்பில்லையா என்கிறாள் அவள்.

நீ யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் இருவருக்கும் பங்கு, என்று தொடங்குவாய். மாப்பிள்ளை மட்டக்களப்பு ஆள், உங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் அவனைக் கட்டாது. இருக்கிறதெல்லாம் அந்தக் கடதாசிதான். நல்லவேளை, காணி விஷயம் என்பதால் 1840ஆம் ஆண்டு மோசடிகள் தடுப்புச் சட்டப்படி நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகள் வைத்துக் கையெழுத்தானது. இல்லாவிட்டால் சண்டை பிடிக்க அந்த வரியும் மிஞ்சியிராது.

இருவரும் தனித்தனியே வந்து காட்டினார்கள். அவள் பிரதியில் மடிப்பு சரியாக "முடியும்" என்ற சொல்லின் மேலே விழுந்து மை போய்விட்டது. அவள் விரல் வைத்ததோ ஐந்தாம் பந்தியில்: "உயர்தரம் வரையான பாடசாலைச் செலவு தகப்பனுடையது." அங்கே உயர்தரம் என்று எழுதத் தெரிந்தவர்கள் இங்கே வெறும் படிப்பு என்று எழுதினால், வேறொன்றை நினைத்துத்தானே எழுதியிருப்பார்கள்? அவள் சட்டத்தரணியின் வாதம் அதுதான். பத்திரத்தை முழுதாக வாசித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. செலவு நின்ற இடத்தில் படிப்பும் நின்றது என்று அவன் பக்கம் சொல்லும். அதையும் தள்ளிவிட முடியாது.

இனி உனக்கு மட்டும் சொல்வது. முதல் வரைபில் வீட்டு வரியிலும் உயர்தரம் என்றுதான் இருந்தது. அவனேதான், "படிப்பு என்று போடுங்கோ ஐயா, பிள்ளை எவ்வளவு படிக்குதோ படிக்கட்டும்" என்றான். நான் வெட்டித் திருப்பி அடித்தேன். இன்றைக்கு அவனுக்கு அது ஞாபகமில்லையாம்.

சாட்சி சொல்லலாம் என்றால் சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: எழுதி முடித்த ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் கூட்டவோ மாற்றவோ முடியாது. 96இல் ஒரு கதவு உண்டு. "என் வெள்ளைக் குதிரை" என்று எழுதி விற்றவனிடம் இரண்டு வெள்ளைக் குதிரை இருந்தால், எதைச் சொன்னான் என்று சாட்சி கேட்கலாம். படிப்பும் இரண்டு குதிரைதானே என்று அவள் சட்டத்தரணியிடம் கேட்டேன். சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார்.

அந்த வெட்டின வரைபு கந்தோர் அலுமாரியில் இன்னும் கிடக்கிறதா என்று திங்கட்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். கறையான் விட்டிருந்தால் எழுதுகிறேன்.

கண்ணைக் கசக்காதே.

உன் கூட்டாளி