மேப்பாடியில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காற்று பலமாக இருப்பதால் அப்பா கடலுக்குப் போகவில்லை.

எலிக்காய்ச்சல் மாத்திரை போடுகிறாயா? வயநாட்டு நிலச்சரிவுச் சேற்றில் இறங்குகிறவர்கள் வாரம் ஒரு தடவை டாக்சிசைக்ளின் போட வேண்டுமாம். சாப்பிட்டபின் போடு, தண்ணீர் நிறையக் குடி, போட்டதும் படுக்காதே. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் பூட்ஸ் இல்லாமல் இறங்காதே.

ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் வயநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்காக மன்றாடினார். நீ கோயம்புத்தூர் பங்கோடு போனாலும் காசிமேட்டுப் பிள்ளைதானே. என் மகனும் போயிருக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எர்ணாவூர்ச் சித்தி வீட்டுக்குள் ஆலை எண்ணெய் ஏறியபோது லீவு இல்லை என்றாய். எண்ணூர்க் குப்பத்துப் பையன்கள் பக்கெட்டும் வெறும் கையுமாக ஆற்றில் எண்ணெய் அள்ளினார்கள். சித்தி இன்னும் கேட்கிறாள். சரி, அது இப்போது எதற்கு.

நிவாரணச் சாமான் பிரிக்கிற வேலை என்றுதான் என்னிடம் சொன்னாய். சாலியாற்றுக் கரையில் தேடப் போனவர்களில் நீயும் இருந்தாய் என்று தங்கச்சி சொல்லித்தான் தெரியும். போன் செய்தால் 'சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்', அவ்வளவுதான். ராத்திரி தூங்குகிறாயா தம்பி?

புத்துமலையில் அடக்கம் செய்ததை டிவியில் பார்த்தேன். யாரென்று தெரியாதவர்களுக்கு எண் போட்டுப் புதைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அது கொடுமையாகத் தெரியும். 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி வந்ததிலிருந்து நம் பாட்டி பட்டதைப் பார்த்தவள் நான். கல்லறைத் திருநாளில் மாமாவுக்கு நாம் எங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறோம் என்று உனக்குத் தெரியும். ஒரு எண் கிடைத்திருந்தால்கூட பாட்டி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். அங்கே டிஎன்ஏ பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கிறார்களாம். நீ தேடியது ஏதோ ஒரு தாய்க்கு அந்த இடத்தைக் கொடுக்கும். இதை மனதில் வைத்துக்கொள்.

முகாமில் யாரிடமும் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்காதே. போட்டோ எடுக்காதே. சுனாமி சமயத்தில் நாம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது லாரியில் வந்த பழந்துணி தெருவெல்லாம் கிடந்தது, கட்ட முடியாத கிழிசல். ஒரு சிஸ்டர் மட்டும் ஒன்றும் கேட்காமல் உன் தலையைத் துவட்டி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போனார். உனக்கு அப்போது ஐந்து வயது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நீயும் அப்படி இரு. ஆனால் பார்த்ததையெல்லாம் உள்ளேயே பூட்டாதே. என்னிடம் முடியாவிட்டால் அப்பாவிடம் சொல். மாமாவைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனவர் அவர்தான்.

அங்கே வேலை முடிந்ததும் ரூமுக்குப் போய்த் தனியாக உட்காராதே. கோயம்புத்தூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி நேரே வீட்டுக்கு வா. டிக்கெட் எடுத்ததும் சொல், அப்பா காலையில் சென்ட்ரலுக்கு வந்துவிடுவார். மாத்திரை மறக்காதே.

அம்மா