பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை ஒன்று நன்றாக இறங்கியதில் மல்பெரி தழைத்துவிட்டது. இந்தத் தடவை பட்டுப்புழுவுக்கு நோய் எதுவும் விழவில்லை, கூடும் தருமபுரி மார்க்கெட்டில் சொல்லிக்கொள்கிற விலைக்குப் போனது. நீ அனுப்பிய பணத்தில் ஈ உள்ளே வராதபடி புழு வளர்க்கிற மனை முழுக்கப் புது வலை அடித்தாயிற்று. வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் மகள் வாங்கிக் கொடுத்தது என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும்தான் சொல்கிறேன். ஆனால் பணம் தேதி தவறாமல் வருகிறது, நீ பேசுவதுதான் குறைந்துகொண்டே போகிறது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது இப்போதைக்கு அவள் காதில் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன்.

குதிகால் வலி எப்படி இருக்கிறது?

ஷூ சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை பேட்மிண்டனுக்குப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் வேறு செருப்பு வாங்கச் சொன்னாள், விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றிலிருந்து எந்த வேலையில் இருந்தாலும் எனக்கு அந்தக் குதிகால்தான் ஞாபகம். வலி காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது அதிகமா, இல்லை நடந்து நடந்து சாயங்காலம் அதிகமா? உட்கார்ந்தே இருந்தால் கூடி, கொஞ்சம் நடந்தால் குறைகிறதா? பின்பக்கம் கெண்டைக்கால் நரம்பு வந்து எலும்பில் சேருகிற இடத்திலா, அடிப்பாதத்திலா? விரல்கள் காலையில் மடங்குகின்றனவா? அரை மணி நேரம் ஆனபிறகுதான் மடங்குகிறது என்றால் அதையும் குறித்து வை.

பொங்கலுக்கு வந்தபோது உன் நகத்தைப் பார்த்தேன், பாப்பா. மருதாணி வைக்க அத்தை கையை இழுத்தாள், நீ விரலை மடக்கிக்கொண்டாய். அந்த ஒரு நொடி எனக்குப் போதும். ஊசியால் குத்தியது மாதிரி சின்னச் சின்னக் குழிகள், ஓரத்தில் நகம் சதையை விட்டுத் தூக்கியிருந்தது, உள்ளே மஞ்சளாக எண்ணெய் இறங்கியது போல ஒரு கறை. என் விரலில் இத்தனை வருஷமாகப் பார்க்கிற நகம்தானே அது. அப்புறம்தான் மற்றதும் கண்ணில் பட்டது. வீட்டுக்குள்ளேயும் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாய், சீப்பைத் தனியாக வைத்துக்கொண்டாய். பொடுகு என்றாய். காரிமங்கலத்துக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருந்த நேரம், நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு இருக்கிற சோரியாசிஸ், இந்தச் செதில் விடுகிற தோல் நோய், உனக்கும் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தலையும் நகமும் குதிகாலும் வேறு வேறு சமாச்சாரம் இல்லாமல் ஒரே நோயாக இருக்கலாம், அதனால் மூன்றையும் ஒரே டாக்டரிடம், ஒரே நாளில், சேர்த்துச் சொல் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தலைக்கு ஷாம்பு, நகத்துக்கு நெயில் பாலிஷ், காலுக்கு ஷூ என்று பிரித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

என் மோதிர விரல் ஏன் மடங்குவதில்லை என்று சின்ன வயதில் கேட்பாய். தழை அறுக்கும்போது அரிவாள் பட்டது என்று அம்மா சொல்லுவாள். அரிவாள் படவில்லை. ஒரு தை மாதத்தில் அந்த விரல் நுனியிலிருந்து அடிவரைக்கும் ஒரே தடிமனாக வீங்கியது. தோலுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர் என்று அலைந்தேன். முழங்கையில் இருந்த செதிலைப் பார்த்தவர் விரலைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தவர் சட்டைக் கையைத் தூக்கச் சொல்லவில்லை. ரத்தத்தில் முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று வந்திருக்கிறது, முடக்குவாதம் கிடையாது, போகலாம் என்றார்கள். சோரியாசிஸ் மூட்டுக்குப் போகும்போது அந்தப் பரிசோதனை பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும் என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது. அதற்குள் மூட்டு அரித்துவிட்டது. மருந்து மேற்கொண்டு அரிக்காமல் தடுக்குமே தவிர, போனதைத் திருப்பித் தராது. அதனால் உனக்கு அந்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்துவிடாதே. நகத்தைக் காட்டு. தலையைக் காட்டு. எங்கள் அப்பாவுக்கு இருக்கிறது என்று சொல்.

சோரியாசிஸ் உள்ளவர்களில் 10 பேருக்கு 3 பேர் வரைக்கும் மூட்டுக்கும் போகிறது. பெரும்பாலானவர்களுக்குத் தோலில் வந்து சில வருஷம் கழித்துத்தான் மூட்டு. நகத்தில் குழி விழுந்தவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதற்கென்று பார்க்கிறவர்கள் ருமட்டாலஜிஸ்ட். புனே பெரிய ஊர், தேடினால் கிடைப்பார்கள். எலும்பு டாக்டரிடம் போய்க் குதிகாலில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடாதே.

அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பது கிடையாது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் சுமார் 10 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் வருகிறது. தம்பிக்கு ஒன்றும் இல்லை, அவனை நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். அந்த ஒருவர் நீயாக இருந்துவிடுவாயோ என்றுதான் ராத்திரியில் தூக்கம் போகிறது. நிலத்தில் பாதி, கடனில் பாதி கொடுத்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை.

இது ஏன் வருகிறது என்று உன் சித்தி பையன் போன மாதம் மனையில் நின்றுகொண்டு கேட்டான். புழுவைக் காட்டித்தான் சொன்னேன். புழு 25 நாளில் 4 தடவை தோலுரிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, பழசு கழன்று புதுசு ஆயத்தமாக இருக்கும். மனுஷத் தோலும் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே எதிரி என்று நினைத்துக் கிளம்பிவிட்டால், அந்த ஒரு மாத வேலை 3, 4 நாளில் நடக்கிறது. முற்றாத தோல் மேல் முற்றாத தோல் வந்து அடுக்கிக்கொள்கிறது. அழுக்கால் வருவது இல்லை. கத்தரிக்காய் கருவாட்டால் வருவதும் இல்லை, ஊரில் யார் என்ன சொன்னாலும். ஒட்டவும் ஒட்டாது. ஒரே பாய், ஒரே துண்டு என்று அம்மா என்னோடு இருக்கிறாள், அவளுக்கு ஒரு புள்ளி வரவில்லை. சலூனில் எனக்கென்று ஒரு சீப்பை எடுத்து ஓரமாக வைத்தவர்களும் உண்டு, டீக்கடை பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்களும் உண்டு. உன்னோடு ரூமில் இருக்கும் பெண்கள் படித்தவர்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தொண்டைப்புண் வந்தால் விட்டுவைக்காதே, அதற்குப் பின்னால் உடம்பெல்லாம் தெறித்தது போலக் கிளம்பும். காயம் பட்ட இடத்திலும் கீறிய இடத்திலும் படை பிடிக்கும். மனையில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் வேலையை அம்மா என்னிடம் கொடுப்பதில்லை, அதற்குத்தான். தலையைச் சொறியாதே. செதிலைப் பிய்த்து எடுக்காதே.

மருந்துக் கடையில் கேட்டால் டியூப் கொடுத்துவிடுவார்கள், தடவினால் ஒரு வாரத்தில் மறையும். நீயாக வாங்கி மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து போகும். ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, பெயர் தெரியாத பவுடர் இதெல்லாம் யார் சொன்னாலும் வேண்டாம். பாலக்கோட்டுப் பெரியப்பா விஷயம் உனக்கே தெரியும். சாப்பிட்ட வரைக்கும் பளபளவென்று இருந்தார், நிறுத்திய பிறகு உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளம். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் அவர் கிடந்ததை நீ பள்ளிக்கூட உடுப்போடு வந்து பார்த்தாய்.

வெட்பாலை எண்ணெய் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். ஆயா செய்கிற மாதிரியேதான், இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு, ஊதா நிறம் இறங்கும் வரைக்கும் மாடியில் வெயிலில் வைத்தது. தலையில் செதில் ஊறி வருவதற்கு நல்லது, அரிப்பும் கேட்கும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அது மேலே மட்டும்தான், மூட்டுக்குள் போகாது. எண்ணெய் இருக்கிறதே என்று டாக்டரைத் தள்ளிப்போடாதே.

எனக்குக் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. உனக்கும் அதைக் கொடுத்தால் ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்: வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் கிடையாது. தினமும் போட்டு ரத்த அணு குறைந்து உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போடுகிறேன், போட்டதும் அம்மா காலண்டரில் வட்டம் போடுவாள். ஃபோலிக் ஆசிட் என்கிற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். ரத்தமும் ஈரலும் டாக்டர் சொல்கிற தேதியில் பரிசோதிக்க வேண்டும். குடி ஆகாது. ஆபீஸ் பார்ட்டி பற்றி நான் கேட்க மாட்டேன், ஈரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது அம்மா சொல்ல வேண்டிய பேச்சு. அவளிடம் இன்னும் எதுவும் சொல்லாததால் நானே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. அந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் குழந்தை உண்டாகக் கூடாது, கருவைக் கெடுக்கும். இந்த நோய்க்கே ஆசிட்ரெட்டின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது, அதை நிறுத்தினாலும் 3 வருஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் நாளே, எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும், பிள்ளை பெற வேண்டும் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல். வேறு வழி இருக்கிறது, பார்த்துக் கொடுப்பார். இந்த நோய் இருக்கிற பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

ஓசூர் மாமா சொன்ன இடத்தை ஏன் வேண்டாம் என்றாய் என்று அம்மா கேட்கிற மாதிரி நான் கேட்கப் போவதில்லை. பையனைப் பிடிக்கவில்லை என்றால் அத்தோடு சரி. வேறு காரணம் என்றால் அந்தக் காரணம் எனக்கும் இருக்கிறது, நான் குடும்பம் நடத்தவில்லையா? நம் தெருவில் முதன்முதலாக இஞ்சினியரிங் படித்தவள் நீ. பேருந்து இல்லாத நாளில் பென்னாகரம் ரோடு வரைக்கும் நடந்து போய்ப் பரீட்சை எழுதியவள். உன்னை ஒரு வீட்டார் நகத்தைப் பார்த்து எடை போடுவார்கள் என்றால் அந்த வீடு நமக்கு வேண்டாம். இதற்காக நீ முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வராமல், சித்திரைத் திருவிழாவுக்கும் லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டு இருந்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை தடவை கூப்பிட்டேன்.

ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன, அடாலிமுமாப், செக்குகினுமாப் என்று. அடாலிமுமாப் 2014-லிருந்து இந்தியாவிலேயே செய்கிறார்கள், முன்பு இருந்த விலை இல்லை, இருந்தாலும் நம் கைக்குப் பெரிய தொகைதான். உன் கம்பெனி இன்சூரன்சில் வருமா என்று விசாரித்து வை. அதைத் தொடங்கும் முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பரிசோதனை செய்வார்கள், பயப்படாதே. ஆயாவுக்குக் காசம் இருந்ததை மறக்காமல் சொல். பணத்தைப் பற்றி யோசிக்காதே, கூடு விற்ற பணம் அப்படியே இருக்கிறது, வலைக்கு நீ கொடுத்ததையும் திருப்பி அனுப்பத் தயார்.

டாக்டரிடம் தேதி வாங்கியதும் சொல். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் ரயில் ஏறி வருகிறேன். புழு நாலாவது தோலுரித்துத் தழை வாங்குகிற நேரம்தான், தம்பி பார்த்துக்கொள்வான், அம்மாவிடம் உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து வருகிறேன், அந்த டாக்டர் கேட்பார்.

வெளிச்சத்தில் வைத்துப் பத்து நகத்தையும் படம் எடுத்து என் நம்பருக்கு அனுப்பு. குடும்பக் குரூப்பில் போடாதே. குதிகால் வீங்கியிருந்தால் அதையும் எடு. காலையில் எழுந்தவுடன் எடு, மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா