கதையை விடுங்கள், நெருக்கடியை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல அறிமுகம். ஆனால், கணினி விளையாட்டுகளிலிருந்து யோசனை எடுத்து மேசையில் நடத்துகிறவர்களுக்குச் சொந்தக் கற்பனை வறண்டுவிட்டது என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு குத்து விட்டிருக்கிறார். அது எனக்கு ஒப்பவில்லை. நண்பர்களுக்கும் உறவுப் பிள்ளைகளுக்கும் விண்வெளி ஆட்டம் நடத்தி வருகிறவள் நான். தொழில் கணக்குத் தணிக்கை. ஆகவே, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம் வெளிவந்தது. உயிர்ப்புள்ளி, அனுபவப் புள்ளி, நிலை உயர்வு என்று இன்று கணினித் திரையில் பார்ப்பதெல்லாம் அந்த மேசையிலிருந்து போனவைதான். 1997-ல் வந்த ஃபாலவுட் என்ற கணினி விளையாட்டு, முதலில் கர்ப்ஸ் என்ற மேசை ஆட்டத்தின் விதிகளை வைத்தே உருவாகிக்கொண்டிருந்தது. பிறகுதான் சொந்த விதிகளுக்கு மாறியது. 2020-ல் அமர்க்களமாக வந்த சைபர்பங்க் 2077-க்கு மூலம், மைக் பாண்ட்ஸ்மித் 1988-ல் வெளியிட்ட மேசை ஆட்டம். அவ்வளவு கொடுத்தவர்கள் கொஞ்சம் திருப்பி வாங்கினால் அதற்குப் பெயர் வறட்சியா?

எடுக்கக் கூடாததை எடுப்பவர்களும் உண்டு; அந்த மட்டில் கட்டுரையாளர் பக்கம்தான் நான். மாஸ் எஃபெக்ட் என்ற கணினி விளையாட்டின் கதையைப் பெயர் மாற்றி மேசைக்குக் கொண்டுவந்தால், பாதிப் பேருக்கு முடிவு முன்பே தெரிந்திருக்கும். மீதிப் பேர் யாரோ எழுதிய வசனத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். ஆயுதப் பட்டியலைக் கொண்டுவருவது இன்னும் மோசம். எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை விழுக்காடு சேதம் கூடுகிறது என்பதைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிடும். மேசையில் ஒருவர் கணக்குப் போட, மற்றவர்கள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாள் முழுக்கக் கூட்டிக் கழித்துவிட்டு வருகிறவளுக்கு அது விளையாட்டாகத் தோன்றாது.

எடுக்க வேண்டியது நெருக்கடியை. 2012-ல் வந்த எஃப்.டி.எல். என்ற விளையாட்டில் சிறிய விண்கப்பல் ஒன்று, துரத்தி வரும் படைக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. கவசம், எஞ்சின், ஆயுதம், மருத்துவ அறை, ஆக்சிஜன் என எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். கப்பலின் மின் உலையில் கிடைப்பதோ எல்லாவற்றுக்கும் போதாது. இதை மேசைக்குக் கொண்டுவர ஒரு தாளும் ஒரு கைப்பிடிக் கண்ணாடி மணிகளும் போதும். தாளில் கப்பலின் அறைகளைக் கட்டங்களாக வரைந்து, கட்டங்களை நிரப்ப முடியாத அளவுக்குக் குறைவாக மணிகளைக் கொடுப்பேன். மணி இல்லாத கட்டம் வேலை செய்யாது. விதி அவ்வளவுதான்.

நெருப்புப் பிடித்த அறையின் வெளிக்கதவைத் திறந்துவிட்டால் காற்று வெளியேறி நெருப்பு அணைந்துவிடும் என்பது அந்த விளையாட்டை ஆடியவர்களுக்கெல்லாம் தெரிந்த தந்திரம். எங்கள் மேசையில் ஒருமுறை, நெருப்புப் பிடித்த அறைக்குள் கப்பலின் மருத்துவர் மயங்கிக் கிடந்தார். அந்தப் பாத்திரத்தை ஆடிய என் அக்கா மகன், மயங்கியவர் பேசக் கூடாது என்பதையும் மறந்து, "சித்தி, நான் உள்ளே இருக்கிறேன்!" என்று கத்தினான். பொறியாளராக ஆடிய தோழி, ஆக்சிஜன் கட்டத்திலிருந்து எடுத்த மணியை எங்கும் வைக்காமல் விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார். மாலுமி கதவைத் திறக்கச் சொன்னார். ஆயுதம் இயக்குபவர், "திறந்தால் உங்களோடு பேசவே மாட்டேன்" என்றார். கணினியில் ஸ்பேஸ்பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஒருவரே நிதானமாக யோசித்து முடிவெடுத்துவிடலாம். இங்கே அதே முடிவை நான்கு பேர் சண்டை போட்டு எடுக்க வேண்டும். நானும் நிறுத்துவதில்லை, நெருப்பு அடுத்த அறைக்குப் பரவுகிறது என்று மட்டும் சொல்வேன். அந்தச் சண்டையில் ஒரு வரிகூட நான் எழுதியது இல்லை, அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் எழுதியதும் இல்லை. (மருத்துவர் பிழைத்தார். கவசம் போயிற்று.)

2014-ல் வந்த ஏலியன்: ஐசொலேஷனிலிருந்து நான் எடுத்தது வேறு வகை. அதில் வேட்டையாடும் விலங்கைக் கொல்ல முடியாது. அதை இயக்கும் நிரல் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலடுக்குக்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் தேடலாம் என்ற குறிப்பை மட்டுமே அது கீழே அனுப்பும். விலங்கு தன் கண்ணாலும் காதாலும்தான் நம்மைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் கிடைப்பது அரிது. நடத்துகிறவளுக்கு எல்லாம் தெரியும். யார் எந்த அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறார் என்பதும் தெரியும். அது தெரிந்தே விலங்கை நடத்தினால் ஆடுகிறவர்கள் மோசடி என்று உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் விலங்குக்கு என்ன தெரியும் என்பதை ஒரு சீட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறேன். 'சத்தம் கேட்டது, வடக்குக் கூடம்.' அதற்கு மேல் சீட்டில் இல்லாத எதையும் அது செய்யாது.

எல்லாமே இப்படி இடம் மாறிவிடாது. 2019-ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆடுகிறவரிடம் மிஞ்சுவது அவர் தெரிந்துகொண்ட செய்தி மட்டுமே. அற்புதமான யோசனை. ஆனால் சுழற்சியை அப்படியே மேசையில் நடத்தினால், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வருணித்துத் தொண்டை வறண்டுவிடும். சுழற்சியை விட்டுவிட்டு, தெரிந்துகொண்ட செய்தியே பூட்டைத் திறக்கும் சாவி என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். 1994-ல் வந்த சிஸ்டம் ஷாக், செத்துப்போனவர்களின் ஒலிப்பதிவுகள் வழியாகக் கதை சொன்னது. இருட்டில் தனியாகக் கேட்டால் முதுகு சில்லிடும். மேசையில் நான் அரைப் பக்கம் படித்தால் கைகள் செல்பேசிக்குப் போய்விடும். மூன்று வரிக் குறிப்பாகச் சுருக்கி, தாளை நடுவில் கிழித்து, ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்தால் உடனே படிக்கிறார்கள்.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு கோரிக்கை மட்டும். தங்கள் இணைப்பில் கணினி விளையாட்டுகளை விமர்சிக்கும்போது வரைகலையையும் கதையையும் பற்றி விரிவாக எழுதுகிறீர்கள். அந்த விளையாட்டில் ஆடுகிறவருக்கு எது பற்றாக்குறை, அதனால் எதை விட்டுக்கொடுக்க வேண்டி வருகிறது என்பதையும் இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் தேடுவோம்.

இப்படிக்கு,
மேசை ஆட்டம் நடத்தும் வாசகி ஒருவர்